எச்சரிக்கை வந்தது; போக இடம் வரவில்லை

மண்சரிவு அபாயத்தை மக்களுக்கு அறிவிக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையம் இன்று பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்குகிறது. கடலையும் வானையும் காக்கின்ற அதே அமைச்சுதான், பதுளை மாவட்டத்துப் பூனாகலை மலையில் ஒரு தோட்ட லயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டுக்கும் பொறுப்பு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைக் கடந்தபோது 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதிக உயிர்களை இழந்தவை கண்டி, பதுளை, நுவரெலியா ஆகிய மலை மாவட்டங்கள். போர் முடிந்த பிறகு இந்த நாட்டு மக்களின் உயிருக்கு எங்கிருந்து ஆபத்து வருகிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது. அந்தப் பதிலுக்கு ஏற்றபடி பாதுகாப்பு அமைச்சு தன் வேலையை மாற்றிக்கொண்டதா என்பதே இனிப் பேச வேண்டியது.

டித்வா நாள்களில் படையினர் செய்த வேலையைக் குறைத்துச் சொல்ல முடியாது. பாதைகள் துண்டிக்கப்பட்ட ஊர்களுக்கு உலங்குவானூர்தியில் உணவு போனது. சேற்றில் இறங்கிச் சடலங்களைத் தேடினார்கள். மீட்புப் பணியில் படையினரும் உயிரிழந்தார்கள். ஆனால் இவை எல்லாம் மலை சரிந்த பிறகு நடப்பவை. மலையகத்தில் ஒரு பாதுகாப்பு அமைச்சின் திறமையை, எத்தனை பேரைத் தோண்டி எடுத்தார்கள் என்பதைக் கொண்டு அளக்கக்கூடாது. மண் விழுவதற்கு முந்திய இரவில் எத்தனை குடும்பங்கள் வேறிடத்தில் பத்திரமாகத் தூங்கின என்பதைக் கொண்டுதான் அளக்க வேண்டும். அப்படி அளந்தால் பூனாகலை அமைந்த ஊவா மலைச்சரிவின் கணக்கு நெடுங்காலமாகவே தவறிக்கொண்டிருப்பது தெரியும்.

ஒரே மலை, மூன்று பாடங்கள்

பண்டாரவளையிலிருந்து பூனாகலை வழியாகக் கொஸ்லாந்தைக்கு இறங்கும் பாதையின் இரு பக்கமும் தேயிலை. மலையின் தென்முகம் வெல்லவாய சமவெளியை நோக்கிச் செங்குத்தாகச் சரிகிறது. இந்தச் சரிவின் பல இடங்களில் மக்கள் குடியிருப்பது உறுதியான பாறையின் மேல் அல்ல. முன்னொரு காலத்தில் மேலிருந்து சரிந்து வந்து தங்கிய மண்ணும் கல்லும் சேர்ந்த தளர்ந்த படையின் மேல். காட்டை வெட்டித் தேயிலை நட்ட காலத்திலேயே கான் வெட்டி நீரை வடிய விட்டார்கள். தோட்டங்களில் ஆள் குறையக் குறையக் கான்கள் தூர்ந்துபோகின்றன. நீர் வழிய இடமின்றி மண்ணுக்குள் இறங்குகிறது. லயங்களோ வெள்ளைக்காரத் துரைமார் வசதி பார்த்துக் கட்டிய இடத்திலேயே இன்னும் இருக்கின்றன.

2014 ஒக்டோபர் 29 காலை, ஹல்துமுல்லை பிரதேச செயலகப் பிரிவிலுள்ள கொஸ்லாந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை இறங்கியது. லயங்கள் வரிசையாக மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடிருந்த இடமே இல்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. முதல் எச்சரிக்கைக்கும் மண்சரிவுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். அறிவியல் தன் வேலையைச் செய்திருந்தது. மக்களும் காதில் பஞ்சை வைத்துக்கொண்டிருக்கவில்லை. போகச் சொன்னவர்கள், போவதற்கு ஒரு காணித் துண்டைக் காட்டவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

மீரியபெத்தையில் இன்னொன்றும் வெளிப்பட்டது. முதல் நாள்களில் நூற்றுக்கணக்கானோர் புதைந்துவிட்டார்கள் என்றார்கள். பின்னர் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்து நாற்பதுக்குள் நின்றது. இறந்தவர் குறைவு என்பது ஆறுதல்தான். ஆனால் ஒரு லயத்தில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்பதுகூட அன்று அரசுக்கு உறுதியாகத் தெரியவில்லை என்பதையும் அந்தத் தடுமாற்றம் காட்டிவிட்டது. தன் பாதுகாப்பில் இருப்பவர்கள் யார் என்று தெரியாத அமைச்சு அவர்களை எப்படிக் காக்கும்?

தப்பியவர்கள் பூனாகலைப் பக்கத்துப் பாடசாலையிலும் பிறகு இயங்காத தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கவைக்கப்பட்டார்கள். இராணுவத்தினரின் உழைப்பில் பூனாகலை மாகல்தெனியவில் 75 வீடுகள் எழும்பி, 2016இல் கையளிக்கப்பட்டன. இரண்டு ஆண்டுகள் தாமதம் என்றாலும் வீடுகள் வந்தன. இதைப் பதிவு செய்யத்தான் வேண்டும். அதே பூனாகலையில், 2023 மார்ச் 19 இரவு, கபரகலை தோட்டத்தில் மண் மறுபடியும் சரிந்தது. உயிர்ப்பலி இல்லை. வீடிழந்த குடும்பங்கள் மறுபடியும் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் போயின. அங்கே தற்காலிகம் என்பது ஆண்டுக்கணக்கில் நீண்டது. கொழுந்து வாட்டக் கட்டிய மாடியில் துணியால் தடுத்துக் குடும்பம் நடத்துவதை ஒரு முறை கண்ட அரசுக்கு, ஒன்பது ஆண்டுகள் கழித்தும் வேறு இடம் தெரியவில்லை. பிறகு டித்வா வந்தது.

மூன்று நிகழ்வுகளுக்கும் பொதுவானது மழை என்று சொல்லிவிடலாம். மழையை யாரும் தடுக்க முடியாது என்பதால் அந்தப் பதில் எல்லோருக்கும் வசதியானது. ஆனால் மழைக்கும் மரணத்துக்கும் நடுவில் நிற்பவை அரசு செய்யக்கூடியவை, செய்யத் தவறியவை.

உத்தரவு யாரைக் கட்டுகிறது?

மண்சரிவு எச்சரிக்கையின் அமைப்பு எளிமையானது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும்; 100ஐத் தாண்டினால் தயாராக வேண்டும்; 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேற வேண்டும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. கொழும்பில் இருந்து பார்த்தால் குறையில்லாத ஏற்பாடு.

இப்போது அதே சிவப்பு அறிவித்தலைத் தோட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு அறிவித்தல் வருகிறது. மின்சாரம் இல்லை, கைபேசிக் கோபுரம் வேலை செய்யவில்லை. அறிவித்தல் முதலில் சிங்களத்தில் வருகிறது. தமிழில் பிந்தித்தான் வந்தது, சரியாக வரவில்லை என்ற முறைப்பாடு டித்வா நாள்களிலும் பரவலாக எழுந்தது. பதுளை மாவட்டத்தில் பல பிரதேச செயலகங்கள் இருமொழி நிர்வாகத்துக்கு உரியவை என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டு நெடுங்காலமாகிறது. வர்த்தமானி மழையிரவில் பேசுவதில்லை. அறிவித்தல் புரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எங்கே போவது? பாடசாலைக்கு. பாடசாலையும் அதே சரிவில் இருந்தால்? எத்தனை நாளைக்கு? மாடு, கோழி, வீட்டுச் சாமான் யார் பொறுப்பு? போகும் நாள்களுக்குச் சம்பளம் உண்டா?

கடைசிக் கேள்வியைத்தான் அதிகாரிகள் கேட்பதே இல்லை. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,750 ரூபா என்று அறிவிக்கப்பட்டது; அதில் 200 ரூபா, வேலைக்கு வந்த நாளுக்கு அரசு கொடுக்கும் வரவுக் கொடுப்பனவு. அதாவது, வந்தால்தான் காசு. ‘வெளியேறு’ என்று அரசின் ஒரு கை சொல்கிறது; ‘வேலைக்கு வந்தால் தருகிறேன்’ என்று இன்னொரு கை சொல்கிறது. அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டுவிடுவார்களோ என்று பயந்து மழையில் மலையேறுகிற பெண், முகாமில் சும்மா இருந்து பேரை இழக்கத் துணிய மாட்டாள். இதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைப்பது நியாயமில்லை. அடுப்பைப் பார்த்துப் போடுகிற கணக்கு இது.

நம்முடைய வெளியேற்ற உத்தரவின் அடிப்படைக் கோளாறு இதுதான். அது மக்களை மட்டும் கட்டுப்படுத்துகிறது. உத்தரவிட்ட அரசை எதற்கும் கட்டுப்படுத்துவதில்லை. போகாவிட்டால் ‘சொன்னோம், கேட்கவில்லை’. போனால், எத்தனை நாளில் திரும்பலாம், திரும்ப முடியாவிட்டால் எத்தனை மாதத்தில் வீடு, இடையில் என்ன வருமானம் என்பதற்கு யாரும் எழுத்தில் பொறுப்பேற்பதில்லை. சிவப்பு அறிவித்தல் வெளியான கணத்தில் அரசின் மேலும் ஒரு கடன் ஏற வேண்டும். இந்தக் கட்டுரை வற்புறுத்துவது இந்த ஒன்றைத்தான். மற்றவை அதிலிருந்து வருபவை.

எச்சரிக்கையை அலட்சியம் செய்தால் என்ன ஆகும்?

இது நடைமுறைக்கு ஒவ்வாத கோரிக்கை என்று தோன்றலாம். ஆனால் எச்சரிக்கை கிடைத்தும் செயற்படாத பாதுகாப்பு அமைப்புக்குப் பொறுப்புண்டு என்று இந்நாட்டின் உயர் நீதிமன்றம் ஏற்கனவே சொல்லிவிட்டது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களில் 260க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இந்தியாவிலிருந்து வந்த உளவுத் தகவல் ஏப்ரல் 4இலேயே புலனாய்வுத் துறையின் கைக்கு வந்திருந்தது. அது கடிதமாகி, ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்து, தேவாலயங்களின் வாசலை எட்டவே இல்லை. 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம், அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்து, அப்போது ஜனாதிபதியாகவும் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்த மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும், பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி ரூபாவும் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து நட்டஈடு செலுத்த வேண்டும் என்றது.

குண்டும் மண்ணும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றில்லைதான். குண்டு வைப்பவன் இடத்தை மறைப்பான். மலை எதையும் மறைப்பதில்லை. விரிசல் விடுகிறது, ஊற்றுநீர் கலங்குகிறது, மரம் சாய்கிறது. ஆபத்துள்ள சரிவுகள் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கின்றன. அப்படிப் பார்த்தால் மண்சரிவு எச்சரிக்கையை அலட்சியம் செய்வதற்கு அரசிடம் இருக்கும் சாக்கு, உளவுத் தகவலை அலட்சியம் செய்ததற்கு இருந்ததைவிடக் குறைவு. பதினேழு நாள் கையில் இருந்த தகவலுக்கு நீதிமன்றம் கணக்குக் கேட்டது. ஒன்பது ஆண்டு கையில் இருந்த மீரியபெத்தை எச்சரிக்கைக்கு அப்படி ஒரு தீர்ப்பு வந்ததாக மலையகம் அறியாது.

இராணுவத்தின் கையில் இருக்கலாமா?

இந்த இடத்தில் ஒரு வலுவான எதிர்ப்பு எழும். அனர்த்த முகாமைத்துவம் எதற்காகப் பாதுகாப்பு அமைச்சிடம் இருக்க வேண்டும்? சுனாமிக்குப் பின் வந்த 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம், ஜனாதிபதி தலைமையில் பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் அமரும் ஒரு தேசிய பேரவையை உருவாக்கியது. அது சிவில் ஏற்பாடு. தனி அனர்த்த முகாமைத்துவ அமைச்சும் பல ஆண்டுகள் இருந்தது. அதைப் படைகளின் அமைச்சுக்குள் கொண்டுபோனதால், சிவில் நிர்வாகம் செய்ய வேண்டியதைச் சீருடை செய்யும் பழக்கம் வளர்கிறது என்று சிந்திப்பவர்கள் அஞ்சுகிறார்கள். வடக்கிலும் கிழக்கிலும் அந்த அச்சத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. மலையகத் தமிழரும் அவசரகாலச் சட்டத்தின் கீழ் வாழ்ந்து பார்த்தவர்கள்தான்.

அச்சம் நியாயமானது. ஆனால் அமைச்சின் பெயர்ப்பலகையை மாற்றினால் கபரகலைக் குடும்பத்துக்கு வீடு வந்துவிடாது. மீரியபெத்தைக்கு முதல் எச்சரிக்கை வந்தது சட்டம் பிறந்த ஆண்டில். மண் விழும்வரை அது செயலாகவில்லை. அந்த ஆண்டுகளில் பெரும்பகுதியும் அனர்த்த முகாமைத்துவத்துக்கெனத் தனி அமைச்சு இருந்த காலம். வெளிநாட்டு உதாரணங்களும் இரண்டு பக்கமும் கிடைக்கின்றன. கியூபாவில் சிவில் பாதுகாப்பு அமைப்பு ஆயுதப்படை அமைச்சின் கீழ் இருக்கிறது. சூறாவளிக்கு முன் இலட்சக்கணக்கானோரை நகர்த்துவதில் அது பெயர் பெற்றது. பங்களாதேஷில் அதே வேலையைச் சிவில் அமைச்சும் செம்பிறைச் சங்கமும் சேர்ந்து செய்கின்றன. 1970 சூறாவளியில் குறைந்தது 3 இலட்சம் பேரை இழந்த அந்தக் கரை, 2020இல் அம்பன் வந்தபோது 20 இலட்சத்துக்கு மேற்பட்டோரை முன்கூட்டியே இடம் மாற்றி, இறப்பைச் சில பத்துகளுக்குள் நிறுத்தியது. அங்கே எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட தொண்டர்கள், பாதிப் பேர் பெண்கள். இரண்டு நாட்டுக்கும் பொதுவானது அமைச்சின் பெயர் அல்ல. யார் வீட்டில் படுக்கையில் கிடக்கும் கிழவி இருக்கிறாள், யார் நிறைமாதக் கர்ப்பிணி என்பது அறிந்த ஒருவர் ஒவ்வொரு குடியிருப்பிலும் இருக்கிறார் என்பதுதான்.

ஆகவே எல்லைக்கோட்டை இப்படிப் போடலாம்: மீட்பது படைகளின் வேலை. எச்சரிப்பதும், பதிவு வைப்பதும், நகர்த்துவதும், குடியமர்த்துவதும் பிரதேச செயலாளரின் தலைமையில் நடக்கும் சிவில் வேலை. தோட்டத்து மக்களின் பிரதிநிதிகள் அதில் அமர வேண்டும். பாதுகாப்பு அமைச்சு அதற்குப் பணமும் வாகனமும் பொறியியலும் கொடுக்கட்டும். 2,00,783 ஆக இருந்த இராணுவத்தின் அனுமதிக்கப்பட்ட ஆளணியை 1,35,000க்கும், 2030க்குள் 1,00,000க்கும் குறைப்பதாக 2023இல் அரசே அறிவித்தது. சுருங்கும் படையில் எந்தத் திறமையைத் தக்கவைப்பது என்ற முடிவில் பாதை வெட்டுபவரும் தடுப்புச்சுவர் கட்டுபவரும் முதலிடம் பெற வேண்டும்.

காணி இல்லாத பாதுகாப்பு

மலையகத்தில் எந்தப் பேச்சும் கடைசியில் காணியில் வந்து முட்டும். இதுவும் முட்டுகிறது. தோட்ட நிலம் அரசினுடையது; 1992 முதல் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் போய், பிறகு நீண்டகாலக் குத்தகையாக மாறியது. லயத்தில் இருப்பவர் அங்கே பிறந்து வளர்ந்தவர், ஆனால் அந்தச் சுவர் அவருடையதல்ல. 2005ஆம் ஆண்டுச் சட்டம் அமைச்சுகளும் திணைக்களங்களும் அரச கூட்டுத்தாபனங்களும் தத்தம் அனர்த்தத் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும் என்கிறது. கம்பனி நடத்தும் தோட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் தாராளமாகச் செலவழிக்கவே 2018இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அரசுக்குத் தோட்டம் கம்பனியின் பொறுப்பு; கம்பனிக்கு மக்கள் அரசின் பொறுப்பு. மழைக்கு மட்டும் இந்தப் பிரிவினை தெரியாது.

டித்வாவுக்குப் பிறகு வீடிழந்தோருக்குப் பெருந்தொகை நட்டஈடு அறிவிக்கப்பட்டது. நல்லது. ஆனால் நட்டஈடு காணி உறுதியுள்ள வீட்டுக்கு எளிதில் போய்ச் சேரும். உறுதி இல்லாத லயத்துக்குத் தடுமாறும். லயத்துக் குடும்பத்தை வீட்டுரிமையாளராக எண்ணாத எந்தத் திட்டமும் பூனாகலையைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

இது இலங்கைக்கு மட்டும் உரிய சோகமும் அல்ல. 2020 ஆகஸ்ட் 6 இரவு கேரளத்தின் மூணாறு பெட்டிமுடியில் தமிழ்த் தேயிலைத் தொழிலாளரின் லயங்கள் மீது மலை விழுந்து 70 பேர் மாண்டார்கள். தொடர்புகள் அறுந்திருந்ததால் வெளியுலகுக்குச் செய்தி மறுநாள் காலையில்தான் எட்டியது. 2024 ஜூலை 30 வயநாட்டில், முண்டக்கை - சூரல்மலையிலும் பாடிகள் எனப்படும் லயங்களில் தூங்கியவர்கள் போனார்கள். மாற்றுக் குடியிருப்புக்குக் கல்பற்றையில் ஒரு தோட்ட நிலத்தை எடுக்கக் கேரள அரசு நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. அங்கே நிலத்துக்காக அரசு கம்பனியோடு வழக்காட வேண்டும். இங்கே நிலம் அரசினுடையதே. குத்தகைக்கு விட்டவர் தன் நிலத்தில் நூறு ஏக்கரைக் கேட்டு வாங்க எந்தப் பூகம்பமும் தேவையில்லை. ஓர் அமைச்சரவைத் தீர்மானம் போதும்.

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்விக்கும் வருவோம். கடன் நெருக்கடியிலிருந்து இன்னும் முழுதாக மீளாத நாட்டில் அது விளையாட்டுக் கேள்வி இல்லை. இந்திய உதவியுடன் மலையகத்தில் கட்டப்படும் 10,000 வீடுகளுக்கு, வீடொன்றுக்கு 28 இலட்சம் ரூபா என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த விலைப்படி பத்தாயிரம் வீடுகளுக்கு ஆகும் செலவு 28 பில்லியன் ரூபா. 2025இல் பாதுகாப்பு அமைச்சுக்கு ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 442 பில்லியன். ஒரே ஆண்டின் ஒதுக்கீட்டில் நூற்றுக்கு ஆறேகால் பங்கு. அதையும் ஐந்து ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றேகால்தான். படையினரின் சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் கைவைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உயிர்காப்புக்கென்று ஒதுக்கும் பணத்தில், உயிர் போகும் இடத்துக்கு ஒரு பங்கு வேண்டும் என்பதே வாதம்.

பொய் எச்சரிக்கைகள் பற்றிய கவலைக்கும் இதே வழியில் பதில் சொல்லலாம். ஐந்து முறை வெளியேற்றி ஐந்து முறையும் மலை சரியாவிட்டால் ஆறாவது முறை யார் போவார் என்கிறார்கள். உண்மைதான், ஆனால் போனதற்குச் சம்பளம் உண்டென்றால் ஆறாவது முறையும் போவார். ஐம்பது குடும்பம் உள்ள ஒரு குடியிருப்பில், குடும்பத்துக்கு இரண்டு பேருக்கு, நாளொன்றுக்கு 1,750 ரூபா கொடுத்தால் 1,75,000 ரூபா. ஆண்டுக்குப் பத்து நாள் வெளியே தங்கினாலும் பதினேழரை இலட்சம். ஒற்றை வீட்டின் விலையைவிடக் குறைவு. ஐம்பது குடும்பத்தின் உயிருக்கு இது அதிகமென்று எந்தத் திறைசேரி அதிகாரி எழுதித் தருவார்?

உடனே செய்யக்கூடியவை

ஊவாவின் பெருமழை ஒக்டோபரில் தொடங்கித் தை வரை நீடிக்கும். அதற்கு முன் முடிக்கக்கூடியவை பல. முதலாவது, பதிவு. அபாய வலயத்திலுள்ள ஒவ்வொரு லயத்துக்கும் குடியிருப்போர் பட்டியல் வேண்டும். நடக்க முடியாதவர், கர்ப்பிணி, கைக்குழந்தை என்ற குறிப்போடு. ஒரு பிரதி கிராம உத்தியோகத்தரிடம், ஒன்று தோட்டக் காரியாலயத்தில், ஒன்று பிரதேச செயலகத்தில், ஒன்று மலைக்கு வெளியே மாவட்டச் செயலகத்தில். மண் ஒரு கட்டடத்தை விழுங்கினாலும் மனிதரின் பெயர்கள் மிஞ்சும்.

இரண்டாவது, குரல். சிவப்பு அறிவித்தல் தமிழும் சிங்களமும் ஒரே நிமிடத்தில் வெளிவர வேண்டும். தமிழ் தயாராகாவிட்டால் அறிவித்தலே முழுமையாகவில்லை என்று அனர்த்த முகாமைத்துவ நிலையம் தனக்கே விதி வகுத்துக்கொள்ளட்டும். 117ஐ அழைக்கும் தோட்டத்துப் பெண்ணுக்கு நள்ளிரவிலும் தமிழில் பதில் கிடைக்க வேண்டும். கைபேசியை நம்பி இருக்கவும் கூடாது. அந்தக் காலத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கூடுவதற்கு, தப்படித்து ஒரு டிவிசனையே எழுப்பினார்கள்; தொழிற்சாலைச் சங்கும் கோயில் ஒலிபெருக்கியும் மின்கலத்தில் இயங்கும் சைரனும் இன்று அதே வேலையைச் செய்யும். ஒவ்வொரு டிவிசனிலும் மழைமானி பார்க்கவும் வீடு வீடாகச் சொல்லவும் பயிற்சி பெற்ற இருவர் வேண்டும். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும், அவர்களுக்குச் சிறு கொடுப்பனவும் இருக்கட்டும்.

மூன்றாவது, சம்பளம். சிவப்பு அறிவித்தல் அமுலில் உள்ள நாள் முழுப்பேர் என்று தொழில் ஆணையாளரும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் எழுத்தில் உடன்பட வேண்டும். 200 ரூபா வரவுக் கொடுப்பனவை அரசே கொடுப்பதால், அதை அந்த நாள்களுக்கும் கொடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. மழைக்கு முன் கான் வெட்டித் தூர்வாரும் வேலையைக் குத்தகை நிபந்தனையாக்கி, செய்யாத கம்பனிக்குத் தண்டம் விதிக்கலாம்.

நான்காவது, சட்டம். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, பெருந்தோட்டக் கம்பனிகளும் அனர்த்தத் திட்டம் தயாரிக்க வேண்டிய பட்டியலில் சேர்க்கப்பட வேண்டும். வெளியேற்ற உத்தரவுக்குக் காலக்கெடுவும் அதே திருத்தத்தில் வரட்டும்: பாடசாலையிலோ தொழிற்சாலையிலோ ஒரு குடும்பம் தங்கக்கூடியது அதிகபட்சம் மூன்று மாதம், அதன்பின் வாடகைப்பணம், பதினெட்டு மாதத்துக்குள் உறுதியுடன் கூடிய காணியும் வீடும். கெடு தவறினால் எந்த அதிகாரியிடம் விளக்கம் கேட்பது என்பதும் எழுதப்பட வேண்டும்.

கடைசியாக, கணக்கு. எந்தத் தோட்டம், எந்த லயம், எச்சரிக்கை வந்த ஆண்டு, நகர்த்தப்பட்ட குடும்பம், நகர்த்தப்படாத குடும்பம், காரணம் என்ற விவரத்தைப் பாதுகாப்பு அமைச்சு ஒவ்வொரு செப்டெம்பரிலும் மூன்று மொழிகளிலும் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கட்டும். அதன் முதல் பிரதியைப் பூனாகலை, கபரகலை, மீரியபெத்தை பெரட்டுக்களங்களில் ஒட்டிவிட்டு, கொழும்பில் ஊடக மாநாட்டை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.